வழக்குக் கட்டு எவர் கையில்?

முறைமன்றங்களில் தமிழ் ஏறவேண்டும் என்று நாம் அரை நூற்றாண்டுக்கு மேலாக வாயிலில் நின்று குரலெழுப்பிக் கொண்டிருக்கின்றோம். நாம் வாயிலில் நிற்க, ஆங்கிலமோ கொல்லைப்புறமாக நுழைந்து வழக்குரைஞரின் மேசைமேலேயே ஏறி அமர்ந்துவிட்டது. வழக்குக் கோப்புகளையும், தவணை நாள்களையும், கட்டணக் கணக்கையும் ஒருங்கே காத்துத் தரும் கணிப்பொறி மென்பொருள் என்னும் பெயரில் அது வந்திருக்கின்றது. வந்ததை வரவேற்று விலை கொடுத்து வாங்குவோருள் நம்மவரும் பலர். எதை வாங்குகின்றோம், எதை இழக்கின்றோம் என்று எண்ணிப் பார்த்தோர் மிகச் சிலரே. அவ்வெண்ணத்தைத் தூண்டவே இக் கட்டுரை.

வழக்குக் கட்டு என்பது யாது? வழக்குரை, எதிருரை, வக்காலத்து, ஆவணப் பட்டியல், இடைக்கால விண்ணப்பங்கள், சான்றுரைப் படிகள், ஆணைப் படிகள் ஆகிய அனைத்தையும் வரிசைப்படுத்தி நாடாவால் கட்டி வைத்த தாள் தொகுதியே கட்டு. அதன் மேலுறையில் மன்றத்தின் பெயர், வழக்கெண், இருபக்கத்தார் பெயர், தவணை நாள்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்டிருக்கும். மாலையில் மன்றத்தினின்று திரும்பியதும் அடுத்த நாளைக் கட்டின் மேலுறையில் ஒருமுறையும், நாட்குறிப்பில் மற்றொரு முறையும் குறிப்பது குமாத்தா என்று நாம் அழைக்கும் எழுத்தரின் வேலை. ஓரிடத்தில் தவறினும் மற்றோரிடம் காட்டிக் கொடுக்கும். இந்த இரட்டைப் பதிவே நம் வட்டத் தலைநகர் ஒவ்வொன்றிலும் பல தலைமுறையாக வழக்குரைத் தொழிலைத் தாங்கி நின்ற முறை. அதுவும் பெரும்பாலும் தமிழிலேயே நின்றது. ஆங்கிலத்தில் வழக்காடிய வழக்குரைஞர்க்கும் எழுத்தர் நாட்குறிப்பு எழுதியது தமிழில்தான்.

இதில் ஒரு நாள் தவறினால் என்ன கெடும் என்பதை எளிய மக்கள் அறிவர். வாதி வாராவிடின் வழக்கு தள்ளப்படும். எதிர்வாதி வாராவிடின் ஒருதலைத் தீர்ப்பு எழுதப்படும். அதனை விலக்கிக் கொள்ள 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் தருவது 30 நாள். எதிருரை இடுவதற்கு முதலில் 30 நாள். மன்றம் இசைந்து நீட்டினால் 90 நாள். உரிமை வழக்கில் மேல்முறையீடு செய்ய, மாவட்ட மன்றமாயின் 30 நாள்; உயர்முறைமன்றமாயின் 90 நாள். கையளவு நிலத்தையும் குடியிருக்கும் கூரையையும் இத்தகைய நாள் கணக்கிலே தொலைத்தவர் நம்மிடையே எத்துணைப் பேர்! ஆதலின் கோப்பையும் நாளையும் காக்கும் முறை ஏதோ அலுவலக ஒழுங்கு பற்றிய சிறு செய்தியன்று. குடிமகனின் உடைமை பற்றிய செய்தி.

பழைய முறையில் குறையே இல்லை என்று யாம் சொல்லவரவில்லை. தாளைக் கரையான் தின்னும், மழை நனைக்கும், எழுத்தர் நோயுற்றால் கட்டு எங்கே உள்ளதென்று எவர்க்கும் தெரியாது. பொறி இக்குறைகளைப் போக்கும். நாளை முன்னறிவிக்கும், ஒரு சொல்லைக் கொடுத்தால் ஆயிரம் கோப்புகளைத் துழாவி நொடியில் எடுத்துத் தரும், படியெடுத்துப் பல இடங்களிற் காக்கும். பொறியை எதிர்ப்பது மடமை. பொறிக்குள் தமிழுக்கு இடமின்றிச் செய்துவிட்டு, அதனையே வளர்ச்சி என்று பறைசாற்றுவதைத்தான் எதிர்க்கின்றோம்.

இம் மென்பொருள்களுள் பெரும்பாலானவற்றைத் திறந்தவுடன் கட்சிக்காரரின் பெயரை ஆங்கில எழுத்தில் இடச்சொல்லும். அழகர்சாமி என்றொருவர் வருகின்றார் என்று கொள்வோம். தமிழில் அவர் பெயரை எழுத ஒரே வழிதான் உண்டு. ஆங்கிலத்திலோ ழகரத்திற்கு ஒருவர் 'எல்' இடுவார்; இன்னொருவர் 'இசட்', 'எச்' இரண்டையும் சேர்த்திடுவார். சாமி என்பதன் ஈற்றில் ஒருவர் 'ஐ' இடுவார். ஒருவர் 'ஒய்' இடுவார். நடுவில் 'டபிள்யூ'வைச் செருகுவார் சிலர், செருகாதார் சிலர். இரண்டும் இரண்டும் இரண்டும் பெருக எட்டு வடிவம்! தந்தை பெயரின் தலையெழுத்து முன்னே வருமா பின்னே வருமா என்பதையும் சேர்த்தால் பதினாறு. வழக்குரையில் ஒன்று, பத்திரத்தில் ஒன்று, குடும்ப அட்டையில் ஒன்று, பொறிக்குள் ஒன்று. பெயரைக் கொடுத்துத் தேடினால் 'இல்லை' என்கின்றது பொறி. கட்டு உள்ளேதான் இருக்கின்றது. இல்லை என்று சொல்ல வைத்தது பொறியின் குற்றமன்று. பிறமொழி எழுத்தில் நம் பெயரைப் புதைத்த நம் குற்றம்.

ஒன்று பலவாவது இவ்வாறு. பல ஒன்றாவதும் உண்டு. குளமும் குலமும் ஆங்கில எழுத்தில் ஒன்றே. கரையும் கறையும் ஒன்றே. அரையும் அறையும் ஒன்றே. நிலத்தின் நான்கெல்லை சொல்லும் இடத்தில் பாதி என்பதும் வீட்டின் உட்பகுதி என்பதும் ஒரே எழுத்துக் கோவையாய் நின்றால், அவ்வழக்கின் கதி என்னாகும்? ஓர் எழுத்தில் உரிமை தங்கும் இடம் முறைமன்றம். அங்கேயா இந்தக் குழப்பம்?

மன்றத்தின் பொறியேனும் இதனினும் மேலானதா? இந்தியா முழுமைக்குமான மின்மன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்திற்கு 2023ஆம் ஆண்டு ஒன்றிய அரசு ஒதுக்கிய தொகை 7,210 கோடி உருபா. வழக்கு ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணுமாகப் பதினாறு குறிகள் கொண்ட தனியடையாளம் தரப்படுகின்றது. அவ்வெண்ணைக் கொடுத்து எவரும் தம் வழக்கின் நிலையைப் பார்க்கலாம் என்பது நல்ல ஏந்துதான். ஆயின் அப் பதினாறு குறிகளை நினைவில் வைத்திருக்கும் உழவர் எவர்? அவர் நினைவில் இருப்பது தம் பெயரும் எதிரியின் பெயரும். அப்பெயர்களோ பெரும்பாலும் ஆங்கில எழுத்திலேயே பதியப்படுகின்றன. தமிழ் ஊரில், தமிழர் இருவர்க்கிடையே, தமிழ்நிலம் பற்றி எழுந்த வழக்கை, அவ்விருவருள் ஒருவரும் தம் எழுத்தில் தேடிக் காண இயலாத நிலை!

தமிழில் தட்டெழுதி வைத்த கோப்புகளேனும் பிழைத்தனவா? அங்கும் ஓர் இடர் உண்டு. மன்ற வளாகத்தைச் சுற்றியுள்ள தட்டெழுத்துக் கடைகளில் வானவில், பாமினி முதலிய பழைய எழுத்துருக்கள் நெடுங்காலம் ஆண்டன. அவை ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தவை. கண்ணுக்குத் தமிழாய்த் தெரியும்; பொறிக்கோ அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். அவ்வெழுத்துரு இல்லாத பொறியில் திறந்தால் நமக்கும் அது குவியலே. இவ்வாறு எழுதிய பத்தாண்டு வழக்குரைகளை விலையுயர்ந்த கோப்புக் காப்பு மென்பொருளில் கொட்டினாலும், 'பாகப்பிரிவினை' என்று தேடினால் ஒன்றும் வாராது. தாளை ஒளிவருடி வைத்த கோப்புகளின் நிலையும் இதுவே. அது வெறும் படம். படத்திலுள்ள தமிழ் எழுத்தைப் படித்துணரும் பணியும் உடன் செய்யப்பட்டாலன்றிப் பொறி அதனுள் ஒரு சொல்லையும் காணாது. மன்ற ஆவணங்களை ஒளிவருடி மின்வடிவாக்க, மேற்சொன்ன மூன்றாம் கட்டத்தில் 2,038 கோடி உருபாவிற்கு மேல் ஒதுக்கியுள்ளனர். அத்தொகையில் தமிழ்த்தாள்கள் தமிழாக வெளிவருமா, ஊமைப் படங்களாக அடைந்து கிடக்குமா என்று கேட்க வேண்டியவர் நாம் அல்லமோ?

ஒருங்குறி வந்த பின்னும் ஒரு முள் எஞ்சியுள்ளது. தமிழுக்கு அதில் ஒதுக்கப்பட்ட இடம் 128. அதன் அடுக்கு, வடவெழுத்துகளின் அடுக்கை முன்வைத்து வகுத்த 1988ஆம் ஆண்டின் இந்தியக் குறிமுறையைப் பின்பற்றியது. ஆதலின் நகரத்தின் பின்னே னகரமும், ரகரத்தின் பின்னே றகரமும் நிறுத்தப்பட்டுள்ளன. குறியெண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் மென்பொருளில் நந்தன், நன்னன், நம்பி என்று வரும். தமிழ் அகரவரிசையிலோ நந்தன், நம்பி, நன்னன் என்பதே முறை. கட்சிக்காரர் பட்டியலில் உரிய இடத்தில் பெயரைக் காணாத எழுத்தர், பெயரே இல்லையென்று எண்ணிப் புதிதாய் ஒரு கோப்பைத் திறப்பார். ஒரே வழக்கிற்கு இரு கோப்பு. ஒன்றில் பழைய நாள், ஒன்றில் புதிய நாள். தமிழ் வரிசைப்படி அடுக்கும் விதிகள் உலகப் பொதுவில் எழுதி வைக்கப்பட்டுள்ளன. அவற்றை எடுத்துச் சேர்ப்பது மென்பொருள் செய்வார்க்கு அரிய வேலையன்று. கேட்பார் இல்லாமையால் சேர்ப்பார் இல்லை.

இனி, இம் மென்பொருள்களின் உள்ளமைப்பைக் காண்க. மேலைநாட்டுப் பெரு வழக்குரை நிறுவனங்களுக்கென வகுத்தது அது. அங்கே வழக்குரைஞர் தம் உழைப்பை ஆறாறு நிமையத் துண்டுகளாக அளந்து, மணிக்கணக்கிற் கட்டணம் வாங்குவர். ஆதலின் திரையில் மணிப்பொறி ஓடிக்கொண்டே இருக்கும். நம் மாவட்ட மன்றங்களில் கட்டணம் பேசுவது வழக்குக்கு இவ்வளவு, படிநிலைக்கு இவ்வளவு என்றே. அறுவடைக்குப் பின் தருகின்றேன் என்பாரும் உளர். அதற்கொரு கட்டம் அத்திரையில் இல்லை. வக்காலத்து இட்ட நாள், வழக்கு எண்ணாகாமல் திருப்பப்பட்ட நாள், அதனைச் சரிசெய்து மீள இட வேண்டிய கெடு ஆகியவை நம் எழுத்தரின் நாட்குறிப்பில் உயிர்நிலையானவை. அவற்றுக்கும் இடமில்லை. பிறர் காலுக்குத் தைத்த செருப்பை வாங்கி, நம் காலைச் செதுக்கிக் கொள்ளும் அறிவுடைமை இது!

கமுக்கம் பற்றியும் ஒரு சொல். கட்சிக்காரர் தம் வழக்குரைஞரிடம் தொழில்முறையிற் சொன்னதை அவர் இசைவின்றி வெளியிடலாகாது என்று சான்றுச் சட்டம் விதிக்கின்றது. 2024 சூலை முதலாகப் 'பாரதிய சாட்சிய அதினியம்' என்று நம் வாயில் நுழையாத வடமொழிப் பெயர் சூட்டிவந்த சட்டத்திலும் 132ஆம் பிரிவாக அது நிற்கின்றது. அக்கமுக்கத்தை எங்கோ நிற்கும் வணிகர் பொறியில் கொண்டுபோய் வைக்கின்றோம். ஆண்டுக் கட்டணம் கட்டத் தவறினால் கோப்பு திரும்பி வருமா? வருமாயின் பிற மென்பொருள் படிக்கத்தக்க வடிவில் வருமா? ஒப்பந்தம் பக்கம் பக்கமாய் ஆங்கிலத்தில் இருக்க, படியாமலே 'இசைகின்றேன்' என்று அழுத்தி விடுகின்றோம். பிறர்க்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பார் செய்யும் செயலா இது?

இவற்றையெல்லாம் சொன்னால், கோப்பு, காப்பு, படி என்னும் முறைகள் மேலையர் தந்தவை, தமிழுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பார் உளர். அவர்கள் பெரியபுராணத்தைப் புரட்டிப் பார்க்கட்டும். சமயம் ஒருபுறம் இருக்க, அதில் வரும் வழக்கை மட்டும் நோக்குக. மணப்பந்தரில் முதியவர் ஒருவர் ஆளோலை காட்டி அடிமை வழக்குத் தொடுக்கின்றார். சுந்தரர் அவ்வோலையைப் பறித்துக் கிழித்துவிடுகின்றார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கின்றது. கிழிந்தது படியோலைதான், மூலவோலை என்னிடம் உள்ளது என்கின்றார் முதியவர். அவையோர் மூலத்தை வாங்கிக் கரணத்தானைக் கொண்டு படிப்பிக்கின்றனர். எழுத்து பாட்டனாருடையதுதானா என்றறிய, காப்பிலிருந்த அவருடைய வேறோர் ஓலையை வருவித்து ஒப்புநோக்கித் தீர்ப்புச் சொல்கின்றனர். ஆட்சி, ஆவணம், காட்சி என்னும் மூவகைச் சான்றும் அங்கே பேசப்படுகின்றன. படி வேறு, மூலம் வேறு. இரண்டும் வேறிடங்களில் இருத்தல். ஒப்புநோக்கக் காப்பகம் ஒன்று. இன்றைக் கோப்புக் காப்பு மென்பொருள் விற்போர் தம் விளம்பரத்திற் சொல்வதில் இதற்கு மேல் என்ன உண்டு? பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் தமிழ்ச்சொல் கொண்டே இதனைப் பாடிவிட்டார். சோழர் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் காட்டும் புரவுவரித் திணைக்களமும், வரிப்பொத்தகமும், பட்டோலையும் கோப்பாட்சி இன்றியா நடந்தன?

அண்மைக் காலத்திற்கு வருவோம். சீகாழியிலும் மாயூரத்திலும் முன்சீபாய் அமர்ந்திருந்த வேதநாயகர், 1805 முதல் 1861 வரையிலான தலைமை மன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கிச் 'சித்தாந்த சங்கிரகம்' என்று 1862ஆம் ஆண்டு வெளியிட்டார். பெயர் வடமொழியே ஆயினும் பணி தமிழ்ப்பணி. தட்டெழுத்துப் பொறியும் இல்லாத நாளில், வெள்ளையன் ஆட்சியில், அவன் கீழ் ஊழியம் செய்துகொண்டே ஒருவர் செய்த பணி அது. கையடக்கப் பொறியில் உலகையே வைத்திருக்கும் நம் தலைமுறை, கட்சிக்காரர் பெயரைத் தமிழில் பதிய முடியாதென்று கை விரிக்கின்றது!

முடியாதென்பார் சொல்லும் சொற்கள் மூன்று. உயர்முறைமன்றத்தில் ஆங்கிலந்தானே, பிறகெதற்குக் கோப்பு தமிழில் என்பது முதலாவது. அரசியலமைப்பின் 348ஆம் பிரிவைக் காட்டி இவ்வாறு வாய் அடைக்கின்றனர். அதே பிரிவின் வழியே இராசத்தானில் 1950லும், உத்தரப் பிரதேசத்தில் 1969லும், மத்தியப் பிரதேசத்தில் 1971லும், பீகாரில் 1972லும் இந்தி உயர்முறைமன்றம் ஏறியது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006ஆம் ஆண்டு இயற்றிய தீர்மானத்தையோ, உச்சமுறைமன்ற நடுவர் குழாம் 2012 அக்தோபரில் ஏற்க மறுத்தது. அந்தப் போர் தனியே நடக்கட்டும். மாவட்ட மன்றங்களும் அவற்றின் கீழுள்ள மன்றங்களும் பற்றி ஐயமே இல்லை. 1956ஆம் ஆண்டின் தமிழ் ஆட்சிமொழிச் சட்டமும் அதன் 1976ஆம் ஆண்டுத் திருத்தமும் அங்கே தமிழை மன்றமொழி ஆக்கிவிட்டன. மக்களின் வழக்குகளில் மிகப் பெரும்பாலானவை தொடங்குவது அங்கேதான். சட்டம் தந்த இடத்தை மென்பொருளுக்கு அஞ்சி விட்டுக் கொடுப்பவன், சட்டம் தராத இடத்தை எவ்வாறு வெல்வான்?

சொல் இல்லை என்பது இரண்டாவது. வழக்குரை, எதிருரை, தவணை, தடையாணை, தீர்ப்பாணை, நிறைவேற்று விண்ணப்பம், சான்றாவணம், குறுக்குக் கேள்வி என்பன சொற்கள் அல்லவோ? வாய்தாவும் வக்காலத்தும் நகலும் அசலும் எந்த நாட்டுச் சொற்கள்? நவாபு காலத்தில் வந்த அவற்றை ஏற்ற நாவிற்குத் தவணையும் படியும் மூலமும் கசக்குமா?

பொறியே மொழிபெயர்த்துக் கொள்ளும் என்பது மூன்றாவது. இன்று பெரிதும் ஓதப்படுவதும் இதுவே. உச்சமுறைமன்றம் 2019ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு மென்பொருள் ஒன்றைத் தொடங்கியது. தீர்ப்புகள் தமிழிலும் வருகின்றன. நன்று. ஆயின் ஐயம் எழுமிடத்துச் சட்டத்தின் முன் நிற்பது ஆங்கில மூலமே. நம் மொழி என்றும் நிழலாய்ப் பின்தொடர்வதோ? மேலும், மொழிபெயர்க்கும் பொறி தானே சொல்லாக்குவதில்லை. முன்னர் எழுதப்பட்டவற்றைக் கற்றே அது பேசுகின்றது. தமிழில் வழக்குரையும் ஆணையும் தீர்ப்பும் பொறி படிக்கத்தக்க எழுத்தில் குவிந்தாலன்றி, அது கற்கத் தமிழ்ச் சட்டநடை ஏது? இன்று நாம் தமிழில் எழுதிக் காக்காத கோப்பே நாளை, தமிழிற் சட்டம் பேச இயலாது என்பதற்குச் சான்றாகக் காட்டப்படும்.

ஆதலின் வழக்குரைஞர் சங்கங்கள் ஒவ்வொன்றும் இவற்றை உறுதியாகக் கேட்டல் வேண்டும்:

1. கட்சிக்காரர் பெயரும் ஊரும் தமிழெழுத்திலேயே முதற்பதிவாக வேண்டும். ஆங்கில வடிவம் வேண்டுமாயின் துணையாக அருகில் நிற்கட்டும்.

2. கோப்பெல்லாம் ஒருங்குறியில் அமைதல் வேண்டும். 2010ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டரசு அதனை ஏற்று ஆணையிட்டுவிட்டது. பழைய எழுத்துருக் கோப்புகள் மாற்றப்படவும், ஒளிவருடிய தாள்கள் தேடத்தக்க தமிழாக்கப்படவும் வேண்டும்.

3. பெயர்ப் பட்டியல் தமிழ் அகரவரிசையில் அடுக்கப்பட வேண்டும். தமிழ்99 விசைப்பலகை உடன் தரப்பட வேண்டும்.

4. திரையின் ஒவ்வொரு கட்டமும், கட்சிக்காரர்க்குச் செல்லும் தவணை அறிவிப்பும் தமிழில் இருத்தல் வேண்டும்.

5. முழுக் கோப்பையும் பொதுவடிவில் எந்நேரமும் எடுத்துக் கொள்ளும் உரிமை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதப்பட வேண்டும். படியொன்று வழக்குரைஞர் கையிலேயே இருக்க வேண்டும்.

6. எழுத்தரைத் தள்ளிவிடாது அவர்க்கே இப்பொறியைப் பயிற்றுதல் வேண்டும். கட்டின் முறையை அறிந்தவர் அவரே. மென்பொருளின் குறையைச் சொல்லவல்லாரும் அவரே.

இவற்றைத் தர மாட்டேன் என்னும் மென்பொருளை வாங்கோம் என்று ஒரு மாவட்டத்து வழக்குரைஞர் சங்கம் முடிவெடுத்தாற் போதும். விற்க வந்தவன் தானே தமிழ் கற்பான். வணிகனுக்கு மொழிவெறியும் இல்லை, மொழிப்பற்றும் இல்லை. கேட்பவர் மொழியே அவன் மொழி. நாம் ஆங்கிலத்திற் கேட்டோம்; ஆங்கிலத்தில் தந்தான். தமிழ்நாட்டரசோ, தனியொருவர் வாங்கட்டும் என்று வாளா இராமல், மேற்சொன்னவை பொருந்திய மென்பொருளொன்றைத் தானே செய்வித்து இளம் வழக்குரைஞர்க்கு விலையின்றி வழங்கக் கடமைப்பட்டது.

வழக்குரைஞர்களே! உங்கள் மேசைமேலுள்ள கட்டு உங்களுடையதன்று. உங்களை நம்பி ஒப்படைத்த ஓர் எளிய தமிழருடையது. அவர் எழுத்தறிந்தவராயின் தம் பெயரை அதன்மேற் படித்தறிய வேண்டும். எழுத்தறியாதவராயின் அண்டை வீட்டுச் சிறுவன் படித்துச் சொல்ல அறிய வேண்டும். தாளிலே இருந்த அந்த உரிமை பொறியிலே பறிபோகலாகாது. அடுத்த கட்டைத் திறக்கும் நாளிலேயே அவர் பெயரைத் தமிழில் எழுதுக!